இங்கிலீஷ் நோட்ஸை மூடி வைங்க, வீட்ல பேசுற தமிழை எடுங்க: ஹெச்எஸ்கே 5, 6-க்கான சீன கிராமர்

மொதல்லயே சொல்லிடுறேன், இது சீன மொழியை அ ஆன்னு ஆரம்பிக்கிறவங்களுக்கு இல்ல. ஹெச்எஸ்கேங்கற சீன மொழித் தேர்வுல 4-வது லெவல் வரைக்கும் எப்படியோ உருண்டு பொரண்டு வந்துட்டு, 5-க்கான புக்கைத் தொறந்ததும் முழி பிதுங்கி நிக்கிறவங்களுக்கு. அந்தப் பக்கம் புதுசா கால் வைக்கிறவங்களுக்கு.

நான் பாபநாசம் பக்கத்துல ஒரு கிராமம். சீனாவுலேந்து மெஷின் பார்ட்ஸ் இறக்குற கம்பெனி ஒண்ணுக்கு வீட்லேந்தே மொழிபெயர்ப்பு வேலை. 4-ஐ மனப்பாடம் பண்ணியே தாண்டிட்டேன், அதே தைரியத்துல 5 எழுதினேன், 300-க்கு 171 வந்துச்சு. வார்த்தை எல்லாம் தெரியும், ஆனா வார்த்தையை கலைச்சுப் போட்டு வரிசைப்படுத்தச் சொன்னா கை நிக்குது. ஏன்னா நான் படிச்ச அத்தனை கிராமர் நோட்ஸும் இங்கிலீஷ்ல இருந்துச்சு, மண்டைக்குள்ள சீனம் – இங்கிலீஷ் – தமிழ்னு மூணு ஸ்டாப் நின்னு நின்னுதான் எல்லாம் போச்சு.

அப்புறம் ஒரு நாள் கும்பகோணத்துல அத்தை வீட்டுக்கு ஒரு பத்திரிகை குடுக்கப் போனேன். குடுத்துட்டு கிளம்பலாம்னு வாசலுக்கு வந்தா அத்தை உள்ளேந்து, "வந்ததுதான் வந்தே, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போடா"ன்னாங்க. அங்கேயே நின்னுட்டேன். ரெண்டு வாரமா எனக்குப் பிடிபடாத "ஜிரான் ... ஜியூ" அப்படியே இதுதான். "ஜிரான் லாய் ல, ஜியூ ச்ச ல ஃபான் ஸாய் ஸோவ் பா." நோட்ஸ்ல அதுக்கு நாலு வரி விளக்கம் இருந்துச்சு, அத்தை ஒரே வரில முடிச்சுட்டாங்க. அன்னிக்கு ராத்திரியே பழைய நோட்ஸை பரண்ல போட்டுட்டு புதுசா ஒரு நோட்டு ஆரம்பிச்சேன், இந்தக் கட்டுரை அந்த நோட்டுலேந்து வந்ததுதான்.

ஒரு எச்சரிக்கை. சீன உச்சரிப்பை இங்க தமிழ் எழுத்துல போட்டிருக்கேன், அது தோராயம்தான், டோனை, அதாவது குரலோட ஏத்த இறக்கத்தை, தமிழ்ல காட்ட முடியாது. "மாய்"னா மூணாவது டோன்ல வாங்குறது, நாலாவது டோன்ல விக்கிறது, வியாபாரமே தலைகீழாயிடும். அதனால ஒவ்வொண்ணையும் பிளெகோங்கற சீன அகராதி ஆப்ல போட்டு எழுத்தையும் டோனையும் பாத்துக்கங்க.

பரீட்சைல கிராமர் எங்க ஒளிஞ்சிருக்குன்னு மொதல்ல பாருங்க

கிராமர்னு தனி பேப்பர் கிடையாது. 2010-லேந்து இருக்கிற ஆறு லெவல் அமைப்புல 5-க்கு 100 கேள்வி: கேட்கிறது 45, படிக்கிறது 45, எழுதுறது 10. ஒவ்வொரு பிரிவுக்கும் 100 மார்க், மொத்தம் 300, 180 எடுத்தா தேறினதா எடுத்துக்கறாங்க. எழுதுற 10 கேள்வில மொத 8 கலைச்சுப் போட்ட வார்த்தைகளை வாக்கியமாக்குறது, அங்கதான் கிராமர் நேரா வந்து நிக்கும். மத்த ரெண்டும் 80 எழுத்து அளவுல குட்டிக் கட்டுரை, ஒண்ணுக்கு அஞ்சு வார்த்தை குடுப்பாங்க, ஒண்ணுக்கு படம். 6-ல மொத்தம் 101 கேள்வி. படிக்கிற பிரிவோட மொத 10-ம் தப்பான வாக்கியத்தைக் கண்டுபிடிக்கிறது, பாதிப் பேர் அங்கதான் சரிவாங்க. வார்த்தைக் கணக்கு 5-க்கு 2500, 6-க்கு 5000.

2021-ல ஒன்பது லெவல்னு புது ஸ்டாண்டர்டு அறிவிச்சாங்க, அதுல மொத்தம் 11,092 வார்த்தை, 572 கிராமர் பாயிண்ட். 7-லேந்து 9 வரைக்கும் ஒரே பேப்பர், அது 2022 நவம்பர்லேந்து நடக்குது. நீங்க பதிவு பண்றப்போ எந்த அமைப்புல நடத்துறாங்கன்னு அஃபிஷியல் சைட்ல பாத்துட்டு அதுக்கான மாடல் பேப்பரை எடுங்க. அமைப்பு மாறினாலும் கீழ சொல்ற கிராமர் மாறப் போறதில்ல.

நோட்டு போடுறது

ஒரு பக்கத்துக்கு மூணு கட்டம். மொத கட்டத்துல சீன வாக்கியம். ரெண்டாவதுல அதே விஷயத்தை உங்க வீட்ல எப்படி சொல்லுவாங்களோ அப்படி, பாடபுத்தகத் தமிழ் வேணாம், "சாப்பிட்டுவிட்டான்"னு எழுதினா உதவாது, "சாப்ட்டுட்டான்"னு எழுதுங்க. மூணாவது கட்டம் பேரு "தமிழ் ஏமாத்துற எடம்". அது காலியா இருக்கலாம், ஆனா கட்டம் இருக்கணும்.

நேரக் கணக்கு கேட்டீங்கன்னா, தினம் ஒரு மணி நேரம்னா ஒரு குறுவைக்கு ஆகுற காலம், 110, 120 நாள். ஆத்துல தண்ணி வந்ததும் ஆரம்பிச்சா அறுப்புக்குள்ள ஒரு சுத்து முடிச்சிடலாம். நான் அப்படித்தான் பண்ணேன்.

மொத வாரம்: "த" (இத இங்கிலீஷ்காரன் திருப்பிப் போடணும், நாம போட வேணாம்)

"ஸுவோதியென் ஸாய் ஷ்ச்சாங் மாய் த நா தியாவ் யூ." வார்த்தை வார்த்தையா பாருங்க: நேத்து, மார்க்கெட்ல, வாங்கி-ன, அந்த, மீன். (நடுவுல வர்ற "தியாவ்" நீளமான பொருளுக்கான அளவு வார்த்தை.) இங்கிலீஷ்ல மீனை மொதல்ல சொல்லிட்டு அப்புறம் கதையைச் சொல்லணும், சீனத்துலயும் தமிழ்லயும் கதை மொதல்ல, மீன் கடைசில. நம்ம பெயரெச்சம்தான் அது. 6-வது லெவல்ல ஒரு வாக்கியம் மூணு வரிக்கு ஓடும், பயந்துடாதீங்க. "த"வுக்குப் பின்னாடி இருக்கிற பெயர்ச்சொல்லைப் பிடிங்க, அதுக்கு முன்னாடி உள்ளது மொத்தமும் "-ன"ன்னு முடியுற பெயரெச்சம்.

ஒரே ஒலில மூணு "த" இருக்கு, மூணும் வேற வேற எழுத்து. ஒண்ணு இப்ப பாத்தது, "-ன", "-ஓட". ரெண்டாவது நம்ம "-ஆ": "காவ்ஷிங் த ஷுவோ", சந்தோஷமா சொன்னா. மூணாவதுக்கு தமிழ்ல நேர் ஜோடி இல்ல. "தா பாவ் த ஹென் குவாய்", அவன் வேகமா ஓடுறான்னு அர்த்தம், ஆனா வேகம் வினைக்குப் பின்னாடி வருது. "அவன் ஓடுறது ரொம்ப வேகம்"னு மனசுல சொல்லிக்கங்க, வரிசை தானா வந்துடும். மூணாவது கட்டத்துல மொத என்ட்ரி இதுதான்.

ரெண்டு, மூணாவது வாரம்: "ல" பாஸ்ட் டென்ஸ் இல்ல, தயவுசெஞ்சு நம்புங்க

எல்லா இங்கிலீஷ் நோட்ஸும் "ல" வந்தா நடந்து முடிஞ்சதுன்னு ஆரம்பிக்கும், அப்புறம் பத்து பக்கம் விதிவிலக்கு. தமிழ்ல இதுக்கு ஒரு பொருள் வீட்லயே கெடக்கு, அதுதான் "விடு". சாப்ட்டுட்டேன், போயிட்டான், உடைஞ்சிடுச்சு. "ஷியா யூ ல", மழை வந்துடுச்சு. மழை முடியல, இப்பதான் ஆரம்பிக்குது, ஆனாலும் நாம "வந்துடுச்சு"ங்கறோம், கொடில காயுற துணியை எடுக்க ஓடுறோம். நெலமை மாறிடுச்சுங்கறதுதான் "ல". "வோ பு ச்சு ல"ன்னா போறதா இருந்தேன், இப்ப போகலங்கற முடிவு.

இன்னொரு விஷயம் பாருங்க. "சாப்ட்டுட்டேன்"கறதை இல்லன்னு சொல்லணும்னா என்ன சொல்லுவீங்க? "சாப்பிடல." யாரும் "சாப்ட்டுடல"ன்னு சொல்ல மாட்டாங்க, "விடு" காணாமப் போயிடும். சீனத்துலயும் "வோ மெய் ச்ச"தான், நடந்ததை இல்லங்கறப்போ "மெய்" வந்தா "ல" போயிடும். விதியா படிச்சா மறக்கும், காதுல விழுந்தா மறக்காது.

"குவோ" நம்ம "-இருக்கேன்". "வோ ச்சு குவோ பெய்ஜிங்", பெய்ஜிங் போயிருக்கேன். "ஜ" நம்ம "-கிட்டு": "ஜான் ஜ ச்ச", நின்னுகிட்டே சாப்பிடுறது. கதவு தொறந்திருக்குன்னா "மென் காய் ஜ". இது ரெண்டும் ஒரு நாள் வேலை.

நாலுலேந்து ஆறாவது வாரம்: ஏ, தான், உம்

இந்த இடத்துல மெதுவா போங்க. 5, 6 ரெண்டுலயும் ஜோடி இணைப்புச் சொல்தான் பெரிய தலைவலி, முப்பது நாப்பது ஜோடியை பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்லுவாங்க. நான் பண்ணிப் பாத்தேன், பரீட்சை ஹால்ல எல்லாம் கலந்து சாம்பார் ஆயிடுச்சு. நம்ம கையில மூணு குட்டி ஒட்டு இருக்கு, ஏ, தான், உம். பாதி ஜோடி இதுக்குள்ளேயே அடங்கிடும்.

மொதல்ல "ஜியூ"வும் "ட்ஸாய்"யும். "தா பா தியென் ஜியூ லாய் ல", அவன் எட்டு மணிக்கே வந்துட்டான். "தா பா தியென் ட்ஸாய் லாய்", அவன் எட்டு மணிக்குத்தான் வந்தான். ஜியூன்னா "ஏ", ட்ஸாய்னா "தான்". சீக்கிரம்னு நினைச்சா ஜியூ, லேட்டுன்னு நினைச்சா ட்ஸாய், மணி ஒண்ணுதான், பேசுறவன் மனசுதான் வேற. அதோட ஜியூ இருக்கிற வாக்கியத்துல "ல" இருக்கு, ட்ஸாய்ல இல்ல. தமிழ்ல? "எட்டு மணிக்கே வந்துட்டான்", விடு இருக்கு. "எட்டு மணிக்குத்தான் வந்தான்", விடு இல்ல. இதக் கண்டுபிடிச்ச அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல.

இப்ப அதையே நிபந்தனைக்கு எடுத்துட்டுப் போங்க. இங்க ஜூன் 12-னா மேட்டூர் தொறக்குற வழக்கம், அது தள்ளிப்போனா என்ன ஆகும்னு டெல்டால யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. எங்க ஊர்ல போர்வெல் வச்சிருக்கிறவர் சொல்லுவாரு, "போர் ஓடுனா போதும், குறுவை வச்சிடலாம்." கடைமடைல ஆத்துத் தண்ணியை மட்டுமே நம்பியிருக்கிறவர் சொல்லுவாரு, "மேட்டூர் தொறந்தாத்தான் குறுவை." ரெண்டும் "ஆ"ல முடியுற நிபந்தனைதான், ஆனா மொதல்ல சொன்னது அது ஒண்ணு இருந்தா போதும்ங்கறது, ரெண்டாவது அது இல்லாட்டி நடக்கவே நடக்காதுங்கறது. சீனத்துல போர்காரர் பேசுறது "ஜயாவ் ... ஜியூ", கடைமடைக்காரர் பேசுறது "ஜயோவ் ... ட்ஸாய்". தொறந்தாத்-தான், அந்த "தான்"தான் ட்ஸாய், மறுபடியும் அதே ஆளு. ஜயாவ், ஜயோவ் ரெண்டும் காதுக்கு ஒரே மாதிரி விழும், ஆடியோ ஒரு தடவைதான் ஓடும், அதனால மொத பாதில ஏமாந்துட்டாலும் ரெண்டாவது பாதில ஜியூவா ட்ஸாய்யான்னு கேட்டா போதும், கட்சி தெரிஞ்சிடும். (பாத்தீங்களா, இந்த வாக்கியமே போர்காரர் வாக்கியம்.)

அடுத்து "உம்". "மழை பெஞ்சாலும் போவேன்", "ஜிஷ ஷியா யூ, வோ யே ச்சு". ஆல்-உம், ஜிஷ-யே. "சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்", "லியென் ஷியாவ் ஹாய்ஸ தோவ் ஜதாவ்". "எதுவும் சாப்பிடல", "ஷெம்ம தோவ் மெய் ச்ச". "யார் வந்தாலும்"னா "வூலுன் ஷெய் லாய் ... தோவ்". எங்கெல்லாம் நாம எது, யார், எங்கங்கற கேள்விச் சொல்லுல "உம்" ஒட்டுறமோ அங்கெல்லாம் சீனத்துல கேள்விச் சொல்லுக்கு அப்புறம் "தோவ்" இல்லாட்டி "யே". எதுவும், யாரும், எங்கயும், எப்பவும், ஒரே அச்சு. இங்கிலீஷ் வழியா வர்றவங்களுக்கு கேள்வியே இல்லாத எடத்துல கேள்விச் சொல் ஏன் வருதுன்னு குழப்பம், நமக்கு அது பால்குடி பழக்கம்.

மிச்ச ஜோடிகளை வீட்டுப் பேச்சுலேந்து பொறுக்குங்க. "யூச்சி தங் ச்ச, புரூ ஸோவ் லூ", பஸ்ஸுக்காக நிக்கிறதுக்கு நடந்தே போயிடலாம் (எங்க ஊரு டவுன் பஸ்ஸுக்குன்னே எழுதி வச்ச மாதிரி). "நிங்கெ ... யே பு", பட்டினி கெடந்தாலும் கெடப்பேன், அவன்கிட்ட போய் நிக்க மாட்டேன். "நான்குவாய்", அதானே பாத்தேன். "யுவான்லாய்", ஓ, அதான் விஷயமா! இந்த ரெண்டும் கேக்குற பிரிவுல நெறைய வரும், நான்குவாய்னு காதுல விழுந்தா பேசுறவருக்கு காரணம் இப்பதான் தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம், பாதி விடை அங்கேயே கெடச்சிடும்.

"பிஜிங்"னு ஒண்ணு வரும், 5-லயே இருக்கு. "என்ன இருந்தாலும்"கற அர்த்தம், "என்ன இருந்தாலும் சின்னப் பையன்தானே". இதோட மொத எழுத்து "பி", முடியுறதுன்னு பொருள், காலேஜ் முடிக்கிறதுக்கு சொல்ற "பியே"லயும் அதே எழுத்துதான். இந்த எழுத்து நம்ம ஊருக்கே ஒரு காலத்துல வந்திருக்கு. 14-ஆம் நூற்றாண்டுல வாங் தாயுவான்னு ஒரு சீனப் பயணி, ஒரு கோபுரத்துல சீன எழுத்து பொறிச்சிருந்ததா எழுதி வச்சிருக்காரு, அந்த எடம் நாகப்பட்டினம்னு ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. அதுல இருந்தது, ஷியென்ச்சுன்ங்கற சீன ஆட்சிக்காலத்தோட மூணாம் வருஷம் எட்டாம் மாசம் வேலை முடிஞ்சது, அதாவது 1267. "வேலை முடிஞ்சது"ங்கறதுக்கு அவங்க போட்டது "பி கோங்". எனக்கு பிஜிங்கோட அர்த்தம் இப்படித்தான் மனசுல உக்காந்துச்சு, உங்களுக்கு வேற ஏதாவது வழி இருந்தா அதுல போங்க.

ஏழாவது வாரம்லேந்து: வினைக்குப் பின்னாடி தொங்குறது

காம்ப்ளிமெண்ட்னு பேரு வச்சு பயமுறுத்துவாங்க. நாம ரெண்டு வினையைச் சேத்துப் பேசுறவங்க, நமக்கு என்ன பயம்? "கான்வான்", படிச்சு-முடி. "திங்தோங்", கேட்டு-புரிஞ்சுக்க. மொத வினை செயல், ரெண்டாவது வினை அதோட முடிவு. நடுவுல "த" போட்டா முடியும், "பு" போட்டா முடியாது: "கான் த தோங்" படிச்சா புரியும், "கான் பு தோங்" படிச்சாலும் புரியல. ருசிச்சுப் பாருன்னா "ச்சாங்ச்சாங் கான்", அந்த "கான்"னா பாருதான், சத்தியமா.

பரீட்சைல ஏமாத்துறது இங்க: "ஜின் பு ச்சு"வும் "பு நெங் ஜின்ச்சு"வும். 2016 மகாமகத்துல குளத்துப் பக்கம் நீங்க போயிருந்தா மொதல்ல உள்ளது தெரியும், கூட்டத்துல உள்ள நுழைய முடியல. ரெண்டாவது, கருவறைக்குள்ள போகக் கூடாதுங்கற மாதிரி, யாரோ விடல. இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தையைப் போட்டுடுவாங்க, தமிழ்ல முடியல, கூடாதுன்னு தனித்தனியா இருக்கு.

திசைச் சொல்லுல "ஷியாலாய்", "ஷியாச்சு" ரெண்டும் எல்லாரையும் படுத்தும். "லாய்"னா வா, "ச்சு"ன்னா போ, அவ்வளவு தெரிஞ்சா போதும். "வழிவழியா வந்த பழக்கம்"கறோம்ல, அந்த "வந்த"தான் "ச்சுவான் ஷியாலாய்". "நீ சொல்லிக்கிட்டே போ"ங்கறோம்ல, அந்த "போ"தான் "ஷுவோ ஷியாச்சு". பழசுலேந்து இன்னிக்கு வரைக்கும்னா வா, இன்னிக்குலேந்து மேல மேலன்னா போ. இதுக்கு என்னோட பழைய நோட்ஸ்ல ஒரு படம் வேற போட்டிருந்தேன், அம்புக்குறி எல்லாம் வச்சு, இப்ப நெனச்சா சிரிப்பு வருது. "ச்சிலாய்"க்கு ரெண்டு மூணு வேலை இருக்கு: "ஷியாவ் ச்சிலாய்" சிரிக்க ஆரம்பிச்சுட்டா, "கான் ச்சிலாய்" பாத்தா அப்படித் தெரியுது, "ஷியாங் ச்சிலாய்" ஞாபகம் வந்துடுச்சு. கடைசில உள்ளதை "ஷியாங் ச்சூலாய்"யோட குழப்பிக்காதீங்க, அது யோசிச்சுக் கண்டுபிடிக்கிறது. சாவியை எங்க வச்சோம்னு வர்றது ச்சிலாய், சாவி இல்லாம பூட்டை எப்படித் தொறக்கிறதுன்னு வர்றது ச்சூலாய்.

"பா"வும் "பெய்"யும்

"பா" நம்ம ரெண்டாம் வேற்றுமை "ஐ". "பா மென் குவான்ஷாங்", கதவை மூடு. சீனத்துல சாதாரணமா வினைக்குப் பின்னாடி வர்ற பொருளை பா முன்னாடி இழுத்துட்டு வருது, கெட்டதுல ஒரு நல்லது, அது நம்ம வரிசை. எப்பப் போடணும்? "மீன் வாங்கிட்டு வா"ன்னா எந்த மீனோ ஒரு மீன், பா வேணாம். "மீனை வாங்கிட்டு வா"ன்னா ஏற்கெனவே பேசி வச்ச மீன், அங்க பா வரும். நாம "ஐ" போடுற எடமும் விடுற எடமும் எப்படியோ சின்ன வயசுலேந்து தெரியும், அதையே நம்புங்க.

ஆனா முழுசா நம்பிடாதீங்க, மூணாவது கட்டத்துல எழுத வேண்டியது இங்க மூணு இருக்கு. பா வந்தா வினை மொட்டையா நிக்கக் கூடாது, "பா ஷூ கான்" தப்பு, "பா ஷூ கான்வான் ல" சரி, பின்னாடி ஏதாவது தொங்கணும். தெரியும், பிடிக்கும், இருக்கு மாதிரி வினையோட பா வராது, "அவனைத் தெரியும்"னு நாம சொல்றோம்கறதுக்காக போட்டுடாதீங்க. அப்புறம் இல்லங்கறது பாவுக்கு முன்னாடி வரணும்: "தா மெய் பா நா ஜியென் ஷ காவ்சு வோ", அவன் அந்த விஷயத்தை எங்கிட்ட சொல்லல. தமிழ்ல இல்லங்கறது கடைசில, அதனால கை தானா வினைகிட்ட போய் மெய்யை வைக்கும், 171 எடுத்தப்போ நான் விட்டதுல இதுவும் ஒண்ணு. அந்த 8 கேள்வில பாவும் மெய்யும் ஒண்ணா கெடந்தா மொதல்ல ரெண்டையும் இந்த வரிசைல ஒட்டிட்டு அப்புறம் மத்ததை அடுக்குங்க.

"பெய்"யை "ஆல் ... பட்டது"ன்னு படிக்காதீங்க, வீட்ல யார் அப்படிப் பேசுறா? பெய் அதிகமா வர்றது வேண்டாதது நடந்தப்போ, போன் திருடு போச்சு, நனைஞ்சு போனேன், இந்த மாதிரி. திட்டு வாங்கினேன், அடி வாங்கினேன்னு நாம சொல்றதுக்கு சீனத்துல தனியா "ஆய்"னு ஒரு வினை இருக்கு, "ஆய் மா" திட்டு வாங்குறது, "ஆய் தா" அடி வாங்குறது. நல்லபடியா முடிஞ்ச வேலைக்கு பெய் வேணாம். "ஃபான் ஸுவோஹாவ் ல", சோறு ஆக்கியாச்சு. யாரு ஆக்கினாங்கறது முக்கியமில்ல, அந்த "ஆச்சு" போதும்.

"வோ ஷ ஸுவோதியென் லாய் த", நான் வந்தது நேத்து. ஷ-த ஜோடி அவ்வளவுதான், அடுத்து போவோம்.

தமிழ் ஏமாத்துற எடம், ஒண்ணு பெருசு

ஒப்பிடுற "பி". "தா பி வோ காவ்", அவன் என்னைவிட உயரம். இது வரைக்கும் சரி. "அவன் என்னைவிட ரொம்ப உயரம்"னா? நாம "ஹென்"னை நடுவுல செருகிடுவோம், அது தப்பு, பி இருக்கிற வாக்கியத்துல ஹென் வராது. ரொம்பங்கறதை பின்னாடி தள்ளுங்க, "தா பி வோ காவ் த துவோ", இல்லாட்டி "காவ் துவோ ல". 6-ல தப்பு கண்டுபிடிக்கிற பகுதிக்கும் இதே பழக்கம் உதவும்.

6-ல அந்த 10 கேள்வி

ஒவ்வொண்ணுலயும் நாலு வாக்கியம், ஒண்ணுதான் தப்பு. படிக்கிற பிரிவுக்கே மொத்தம் 50 கேள்வி 50 நிமிஷம், அதனால இதை கடைசிக்கு வச்சுக்கங்க, மொதல்ல தொட்டா நேரத்தைத் தின்னுடும். தப்புல சில வகை திரும்பத் திரும்ப வரும். நாம "நடு சென்டர்"னு சொல்றோமே, அந்த வகை: "தாயுவே"ன்னா சுமார், "ஸுவோயோவ்"னாலும் சுமார், ஒரே எண்ணுக்கு ரெண்டும் வந்தா தப்பு. அடுத்து, ஆளைக் காணோம் வகை: "தோங்குவோ"ன்னு ஆரம்பிச்சு "ஷ"ன்னு தொடர்ந்தா, "இந்தப் பயிற்சியின் மூலமா என்னை நெறைய கத்துக்க வச்சுச்சு"ங்கற மாதிரி, யாரு வச்சா? ரெண்டுல ஒண்ணை எடுக்கணும். அடுத்து, ரெண்டு பக்கம் – ஒரு பக்கம் வகை: முன்னாடி "நெங்ஃபோவ்", முடியுமா முடியாதான்னு கேட்டுட்டு பின்னாடி வெற்றியைப் பத்தி மட்டும் பேசுறது. இதுல எதுவும் இல்லன்னா வார்த்தை ஜோடி பொருந்துதான்னு பாருங்க. தரத்தை உயர்த்துறது "தீகாவ்", வாழ்க்கையை மேம்படுத்துறது "கைஷான்", இதை மாத்திப் போட்டிருப்பாங்க. வாக்கியத்தை மனசுக்குள்ள தமிழ்ல சொல்லிப் பாக்குற வித்தை கடைசி வகைக்கு மட்டும் செல்லாது, இதுக்கு நெறைய படிச்சே ஆகணும், குறுக்கு வழி கிடையாது.

எழுதுறதுல 6-க்கு ஒரே கேள்வி. 1000 எழுத்துக் கதையை 10 நிமிஷம் படிக்கலாம், குறிப்பு எடுக்கக் கூடாது, அப்புறம் பேப்பரை வாங்கிடுவாங்க, 35 நிமிஷத்துல 400 எழுத்துக்கு சுருக்கி எழுதணும், தலைப்பு வைக்கணும், சொந்தக் கருத்து கூடாது. இதுக்குப் பழக நல்ல வழி, ஒரு சீனக் கதையைப் படிச்சுட்டு மூடி வச்சுட்டு வீட்ல பாட்டிகிட்ட தமிழ்ல சொல்றது. பாட்டி "ம்" கொட்டுற எடம் எல்லாம் கதையோட முடிச்சு, "அப்புறம்?"னு கேக்குற எடத்துல இணைப்புச் சொல் வேணும். எங்க பாட்டிக்கு இப்ப சீனத்துக் கதை இருபது தெரியும், வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கு.

பரீட்சை அன்னிக்கு

சென்டர் நம்ம மாவட்டத்துல இருக்காது, மொத நாளே போயிடுங்க. ராத்திரி பஸ்ல கண்ணு முழிச்சுட்டுப் போய் காலைல கேக்குற பிரிவுல உக்காந்தா ஜயாவும் ஜயோவும் ஒண்ணாத்தான் கேக்கும். பாஸ்போர்ட், ஹால் டிக்கெட், பேப்பர் பரீட்சைன்னா 2பி பென்சிலும் ரப்பரும். முடிஞ்சவரைக்கும் கம்ப்யூட்டர் பரீட்சைக்கு பதிவு பண்ணுங்க, ஒலியை டைப் பண்ணா எழுத்து வரும், கையால எழுதிப் பழகுற பாடு மிச்சம். ஆனா ஒண்ணு, "த"ன்னு அடிச்சா லிஸ்ட்ல மொதல்ல வந்து நிக்கிறது பெயரெச்சத்து "த"தான், அவசரத்துல அதையே எல்லா எடத்துலயும் தட்டிடுவோம். அதனால எழுதி முடிச்சதும் மிச்சமிருக்கிற அஞ்சு நிமிஷத்துல வேற எதையும் பாக்காதீங்க, ஒவ்வொரு "த"வா தேடிப் போய் இது "-ன"வா, "-ஆ"வா, இல்ல அந்த ஓட்டக்காரன் "த"வான்னு மட்டும் பாத்து மாத்துங்க.